மலைக்கு முதுகு காட்டாமல் பேசுவது எப்படி

எனக்கு உளவியல் தெரியும் என்று எங்கள் கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பிவிட்டது நான்தான். கைப்பேசியில் சில வாரங்கள் விடாமல் வீடியோ பார்த்ததைத் தவிர அந்தத் துறையில் எனக்கு வேறு படிப்பு கிடையாது. கல்லூரியில் படித்தது வணிகவியல். ஆனால் "மனுஷ மூளை எப்படி வேலை செய்யுது தெரியுமா" என்று ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொண்டு கேட்கிறார் என்பதைக் கண்டுபிடித்துவிட்டேன். பாதி உளவியல் அதிலேயே அடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம்.

நான் திருவண்ணாமலையில் சொட்டுநீர்ப் பாசனக் குழாய் விற்கும் கம்பெனி ஒன்றின் கிளை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கிளை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறை. ஒரு மேஜை, ஒரு லேப்டாப், சுவரோரம் சுருள் சுருளாகக் கறுப்புக் குழாய். கிளை மேலாளர் மாற்றல் வாங்கிக்கொண்டு போன பிறகு கதவைத் திறப்பதும் நான், பூட்டுவதும் நான்.

போன ஆடி மாதம் முடிகிற சமயத்தில் கோயமுத்தூரிலிருந்து எங்கள் மண்டல மேலாளர் போன் செய்தார். நல்ல மனிதர். கெட்ட செய்தியைக்கூட வெல்லம் தடவித்தான் கொடுப்பார். திருவண்ணாமலைக் கிளையை ஓசூரோடு சேர்த்துவிடலாம் என்று மேலிடத்தில் பேசிக்கொள்கிறார்கள் என்றார். "உங்களுக்கு வேலை போகாதுங்க. ஓசூர்ல உங்களுக்குன்னு ஒரு சீட்டு இருக்குதுங்க" என்றார்.

அந்தச் சீட்டில் உட்கார நான் ஒருத்திதான் போக முடியும். என் கணவர் எங்கள் ஊரான அடி அண்ணாமலையில் விவசாயம் செய்கிறார். கொஞ்சம் நிலம், அதில் நெல்லும் மணிலாக்கொட்டையும், கொட்டகையில் இரண்டு கறவை மாடு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் ஒரு சுக்குக் காப்பிக் கடை. இதில் எதையும் லாரியில் ஏற்றி ஓசூரில் இறக்க முடியாது. மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு போனால் அவருக்கு வீடு வெறிச்சோடிவிடும். விட்டுவிட்டுப் போனால் நான் அங்கே சாப்பிட்ட மாதிரிதான். இதை அவரிடம் சொன்னபோது அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "ம்" என்றார். அவ்வளவுதான் அவருடைய கருத்து. எனக்கு வந்த கோபத்தில் வாளியை எட்டி உதைக்கலாமா என்று இருந்தது. வாளியில் தண்ணீர் நிறைய இருந்ததால் விட்டுவிட்டேன்.

மேலாளர் ஒரு வழியும் வைத்திருந்தார். சுற்று வட்டாரத்துக் குழாய்க் கடைக்காரர்களை எல்லாம் ஒரு லாட்ஜ் ஹாலுக்கு வரவழைத்து, நல்ல சாப்பாடு போட்டு, ஸ்லைடு காட்டிப் பேச வேண்டும். வருகிற பருவத்துக்கு எங்கள் குழாயை வாங்கி வைக்க அவர்கள் சம்மதித்தால் கிளை பிழைக்கும். இல்லையென்றால் ஓசூர். பேச வேண்டியது நான். அவர் வந்து பார்ப்பார்.

கடைக்காரர்கள் எங்கள் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற காலம் அது. முன்பிருந்த கிளை மேலாளர், குழாய் அடைத்துக்கொண்டால் மாற்றித் தருகிறேன் என்று கடை கடையாக வாக்குக் கொடுத்துவிட்டு மாற்றலில் பறந்துவிட்டார். அடைத்துக்கொண்ட குழாயோடு விவசாயி கடை வாசலில் வந்து நின்றால் கடைக்காரர் யாரைப் பிடிப்பார்? இதில் மிகவும் சூடாக இருந்தவர் கீழ்பென்னாத்தூரில் பெரிய கடை வைத்திருப்பவர். மற்ற கடைக்காரர்கள் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் சிரித்தால் சிரிப்பார்கள், அவர் எழுந்தால் எழுவார்கள். ஒரே ஒரு ஆளின் உளவியலைப் பிடித்துவிட்டால் போதும் என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவர் மீசைதான் பயமாக இருந்தது.

கம்பெனி அனுப்பிய ஸ்லைடுகளைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றும் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் மாதிரி இருந்தது. தாய்மாமன் பெயர் முதல் சித்தப்பா மகன் பெயர் வரை பொடி எழுத்தில் அடித்து வைப்பார்களே, அந்தக் கணக்கில் குழாயின் குணங்கள். பேசுகிறவர் அதையே சத்தம் போட்டுப் படிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நான் பார்த்த வீடியோக்களில் இதைத்தான் முதல் பாவம் என்று சொல்லியிருந்தார்கள். மனிதனால் ஒரே நேரத்தில் படிக்கவும் கேட்கவும் முடியாதாம். திரையில் எழுத்தைப் போட்டுவிட்டு வாயாலும் பேசினால் அவன் இரண்டையும் விட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பற்றி யோசிப்பானாம். எனக்கு இது உடனே புரிந்தது. என் மகளின் பள்ளிக் கூட்டங்களில் நான் அதைத்தான் செய்கிறேன்.

ஆகவே எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தேன். ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம். எழுத்து கம்மி, படம் ஜாஸ்தி. முக்கியமானது மட்டும் வேறு நிறத்தில். கண் எங்கே முதலில் போகிறதோ அங்கே நம் சரக்கு இருக்க வேண்டும்.

கண் எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் வீட்டில் ஒரு பரிசோதனை வைத்தேன். மகளின் பிறந்தநாளுக்கு வாங்கிய சின்ன புரொஜெக்டர் ஒன்று இருந்தது. விளக்கு வைத்த பிறகு கூடத்துச் சுவரில் வெள்ளையாக இருந்த இடம் பார்த்துப் படத்தை விழவைத்து, கணவரையும் மகளையும் பாயில் உட்காரவைத்து, குழாயின் அருமையை விளக்கினேன். முடித்துவிட்டு, முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று கணவரைக் கேட்டேன்.

"பல்லிய" என்றார்.

சுவரில் ஒரு பல்லி இருந்திருக்கிறது. நான் தண்ணீர்ச் சிக்கனம் பற்றி உருகிக்கொண்டிருந்தபோது அது மோட்டாரிலிருந்து புறப்பட்டு, வடிகட்டியைத் தாண்டி, மெயின் குழாய் வழியாக நிலத்துக்குள் போயிருக்கிறது. அப்பாவும் மகளும் வேறு எதையும் பார்க்கவில்லை. பூச்சியைப் பிடித்ததா இல்லையா என்று அவர்களுக்குள் கருத்து வேறுபாடுகூட இருந்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தாலும் பாடம் கிடைத்துவிட்டது. நகர்கிற பொருளைத்தான் கண் பிடிக்கும். அன்றே எல்லா ஸ்லைடிலும் ஒரு நீலச் சொட்டு மேலிருந்து கீழே விழுகிற மாதிரி செய்தேன். மறுநாள் பரிசோதனையில் இருவரும் சொட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒன்றைத் தவிர மற்றதை எல்லாம் நீக்கினேன்.

ஆனால் என்ன செய்தும் மனதில் ஒட்டவில்லை என்று எனக்கே தெரிந்தது. பார்க்கிறவருக்கு ஏற்கெனவே பிரியமான ஒன்றைக் காட்டி, அதன் பக்கத்தில் நம் பொருளை வைத்தால் அந்தப் பிரியம் இதன் மேலும் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். அதில் சின்னக் குழந்தையையும் நாய்க்குட்டியையும் காட்டினார்கள். கீழ்பென்னாத்தூர்க்காரரிடம் நாய்க்குட்டியைக் காட்டினால் விரட்டிவிடுவார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் பிரியமானது எது என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூன்றாவது நாள் ஒரு கடைக்காரரின் போனில் முகப்புப் படத்தைப் பார்த்தேன். பிறகு ஆட்டோக்காரரின் போனில், மருந்துக்கடைக்காரரின் போனில், கடைசியில் என்னுடையதில். எல்லாவற்றிலும் மலைதான் இருந்தது.

காலையில் கதவைத் திறந்தால் எதிரில் நிற்கிற மலை. அதை நான் இத்தனை நாள் யோசிக்காததே ஆச்சரியம். எல்லா ஸ்லைடுக்கும் நடுவில் மலையை வைத்தேன். அதைச் சுற்றி மோட்டார், வடிகட்டி, குழாய், செடி. கடைசி ஸ்லைடு என் பெருமை. கூட்டம் முடிந்த பிறகு எதையும் நினைவில் வைத்திருக்காத மனிதனும் கடைசியில் பார்த்ததை வைத்திருப்பானாம். அதனால் கார்த்திகை தீபத்தன்று உச்சியில் சுடர் நிற்கிற மலையின் படத்தைப் போட்டு, அடியில் "சம்மதமா?" என்று ஒரே ஒரு சொல் எழுதினேன். லேப்டாப்பில் பார்க்க எனக்கே சிலிர்த்தது. லேப்டாப்பில் மலை என் உள்ளங்கை அகலம்தான் இருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

கூட்டத்தன்று லாட்ஜ் ஹாலுக்குப் போனால் மேடையில் சுவர் முழுக்க எல்.இ.டி. திரை. முதல் நாள் நடந்த கல்யாண வரவேற்புக்கு மாட்டியதைக் கழற்றாமல் வைத்திருந்தார்கள். வாடகை வேண்டாம், சும்மா பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று ஹால்காரர் சொன்னபோது என் அதிர்ஷ்டத்தை நினைத்து மகிழ்ந்துபோனேன். கோயமுத்தூர் சார் முன்வரிசையில் உட்கார்ந்தார். கடைக்காரர்கள் வந்தார்கள். மீசைக்காரரும் வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பாட்டுக்கு முன்னால் பேச்சு என்பது என் ஏற்பாடு. வயிறு நிறைந்த மனிதன் எதற்கும் சம்மதிப்பதற்கு முன் தூங்கிவிடுவான். சமையல் கட்டிலிருந்து சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது. மைக்கைப் பிடித்துக்கொண்டு முதல் ஸ்லைடைப் போட்டேன்.

மலை வந்தது. மேடையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை மலை.

ஹாலில் ஒரு சின்னச் சலசலப்பு. எல்லோரும் குனிந்தார்கள். என்ன என்று பார்த்தால் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்கள். பிறகு கன்னத்தில் போட்டுக்கொள்கிற சத்தம் வரிசை வரிசையாகக் கேட்டது. கால் மேல் கால் போட்டிருந்தவர்கள் இறக்கினார்கள். கோயமுத்தூர் சார் மட்டும் ஷூவோடு உட்கார்ந்து சுற்றும் முற்றும் பார்த்தார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டேன். அதுவரை ஒன்றும் கெடவில்லை. கவனத்தைக் கவர வேண்டும் என்றுதானே படத்தைப் போட்டது. கவர்ந்துவிட்டது.

பேசுவதற்காகக் கூட்டத்தின் பக்கம் திரும்பியபோதுதான் விஷயம் உறைத்தது. மலை என் முதுகுக்குப் பின்னால் நின்றது. கோயிலில் சாமிக்கு முதுகு காட்டி நடக்காமல், பின்னாலேயே அடி வைத்து வெளியே வருகிற ஜாதி நாங்கள். பத்தடி உயர மலைக்கு முன்னால் பிட்டத்தைக் காட்டிக்கொண்டு குழாய் விற்க என் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு ஓரமாக நிற்கலாம் என்று நண்டு மாதிரி நகர்ந்தேன். திரை அந்த ஓரம் வரைக்கும் இருந்தது. வேறு வழியில்லாமல் திரும்பி, மலையைப் பார்த்துக்கொண்டு, கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி என் உரையைத் தொடங்கினேன்.

கடைக்காரர்கள் யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை. கோயமுத்தூர் சார்தான் தவித்தார். கடைக்கண்ணால் பார்த்தால் கையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். அடுத்த ஸ்லைடுக்குப் போகச் சொல்கிறார் என்று நினைத்து வேகமாக மூன்றைத் தள்ளிவிட்டேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். லேசர் விளக்கு ஒன்றும் வாங்கி வைத்திருந்தேன். அந்தச் சிவப்புப் புள்ளியை மலை மேல் அடிக்க மனம் வரவில்லை, திரும்பப் பைக்குள் போட்டுவிட்டேன். கடைசியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. மைக்கோடு மேடையை விட்டு இறங்கி, நடுவழியாக நடந்து, எல்லோருக்கும் பின்னால் போய் நின்றுகொண்டேன். இப்போது நானும் மலையைப் பார்த்தேன், அவர்களும் மலையைப் பார்த்தார்கள். என்னைப் பார்க்க வேண்டும் என்று நினைத்த ஒரே ஆள் நாற்காலியில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார வேண்டியிருந்தது. அவரும் சிறிது நேரத்தில் கழுத்து வலித்து முன்னால் திரும்பிவிட்டார்.

அதன் பிறகு கூட்டம் நன்றாகத்தான் போனது. பேசுகிறவள் கண்ணில் படாததால் அத்தனை பேரும் ஸ்லைடையே பார்த்தார்கள். எந்த வீடியோவிலும் இதைச் சொல்லவில்லையே என்று எனக்கு ஒரு கர்வம்கூட வந்தது. அது, தண்ணீர் வருகிற பாதையைக் காட்டுகிற ஸ்லைடு வரும் வரைதான். நடுவில் மலை, சுற்றிலும் மோட்டார், வடிகட்டி, உரத்தொட்டி, ஏர் வால்வு, மெயின் குழாய், செடி. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு அம்புக்குறி.

மீசைக்காரர் முதல் முறையாகக் கையைக் கட்டவிழ்த்து, எழுந்து நின்றார்.

"ஏம்மா, இன்னா இது, மலைய இடமா சுத்தறீங்க?"

பார்த்தேன். அம்புக்குறிகள் மலையை இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தலைப்புக்கு இடம் பற்றவில்லை என்று முந்தின வாரம் படத்தைக் கண்ணாடி பார்ப்பது போல் மாற்றிப் போட்டது நான்தான். கிரிவலப் பாதையில் வீடு வைத்துக்கொண்டு, பௌர்ணமி தவறாமல் லட்சக்கணக்கான ஜனம் ஒரே பக்கமாகச் சுற்றுவதைச் சுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டே பார்க்கிற நான், தண்ணீரை எதிர்ப்பக்கம் விட்டிருக்கிறேன். ஹாலில் ஒருவரும் குழாயைப் பற்றி யோசிக்கவில்லை. எதிரில் வருகிற ஆளை எல்லோரும் முறைப்பார்களே, அப்படி அந்த அம்புக்குறிகளை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாற்றிவிடுகிறேன் என்று லேப்டாப்புக்கு ஓடினேன். என் ஒவ்வொரு அசைவும் அந்தப் பெரிய திரையில் தெரிந்தது. படத்தைத் திருப்பினால் எழுத்தும் திரும்பிக்கொண்டது. எழுத்தை நேராக்கினால் மலை தலைகீழானது. ஹாலே ஐயோ என்றது. பட்டென்று நிமிர்த்தினேன். அம்புகள் ஒருவழியாக வலமாகச் சுற்ற ஆரம்பித்தபோது பின்வரிசையிலிருந்து ஒருவர், அதெல்லாம் சரி, மோட்டாரை எமலிங்கத்தில் வைத்தால் விளங்குமா என்று கேட்டார்.

கிரிவலப் பாதையில் திசைக்கொன்றாக எட்டு லிங்கம் உண்டு. படத்தில் என் மோட்டார் தெற்கே இருந்தது. தெற்கு எமனுடையது. இந்த ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் ஸ்லைடு செய்யும்போது அது மலையாகத் தெரியாமல் படமாகத் தெரிந்ததுதான் வினை. பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. மோட்டாரை வருணலிங்கத்துக்குக் கொண்டுபோ, தண்ணீருக்கு அவர்தான் என்றார் ஒருவர். ஏர் வால்வு என்றால் வாயுலிங்கம்தானே என்றார் இன்னொருவர். உரத்தொட்டியைக் குபேரலிங்கத்தில் வைக்கச் சொன்னவரை மற்றவர்கள் எதிர்த்தார்கள். உரத்தில் காசு போகிறதே தவிர வருகிறதா என்று கேட்டார்கள். நான் அவர்கள் சொன்ன இடத்துக்கெல்லாம் படங்களை இழுத்து வைத்தேன். முடிந்தபோது அத்தனை பேருக்கும் முழு அமைப்பும் மனப்பாடம் ஆகியிருந்தது. தெரிந்த இடங்களில் பொருள்களை வைத்து நினைவில் நிறுத்துவது பற்றி ஒரு வீடியோவே இருக்கிறது. அதை நான் போரடிக்கிறது என்று பாதியில் நிறுத்தியிருந்தேன்.

சாம்பார் வாசனை இப்போது பொறுக்க முடியாத அளவுக்கு வந்துவிட்டது. முடிக்க வேண்டிய நேரம். தொண்டையைச் செருமிக்கொண்டு, மனப்பாடம் செய்து வைத்திருந்த கடைசி வரியைச் சொன்னேன். வருகிற பருவத்துக்கு எங்கள் குழாயைக் கடையில் வைக்கச் சம்மதிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றேன். சொல்லிக்கொண்டே பொத்தானை அழுத்தினேன்.

உச்சியில் தீபத்தோடு மலை வந்தது.

நாற்காலிகள் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தன. அத்தனை பேரும் எழுந்தார்கள். இரண்டு கையும் தலைக்கு மேல் போனது. "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று ஹால் அதிர்ந்தது. என்ன சத்தம் என்று எட்டிப்பார்த்த சமையல்காரர் கரண்டியோடு கையைத் தூக்கினார். என் கையும் மேலேதான் இருந்தது, மைக்கோடு. மீசைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டார்.

கோயமுத்தூர் சார் துள்ளி எழுந்தார். இப்படி ஒரு சம்மதத்தை அவர் எந்த ஊரிலும் பார்த்ததில்லை. ஒரு கையைக் கேட்டால் இரண்டு கையைத் தூக்குகிற கடைக்காரர்கள். போனை எடுத்துப் படம் பிடித்தார். மேலிடத்துக்கு உடனே அனுப்பப் போகிறேன் என்று என்னைப் பார்த்துப் பெருவிரலைக் காட்டினார்.

நான் சும்மா இருந்திருந்தால் முடிந்திருக்கும். கிளை பிழைத்திருக்கும். ஓசூர் போயிருக்கும். அன்று மாலை வீட்டுக்குப் போய் மகளுக்குத் தலை வாரியிருப்பேன். கடைக்காரர்கள் பிறகு இல்லை என்றால் அது அப்போதைய கவலை. எனக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்ததெல்லாம் அந்தப் படம் போய்ச் சேர வேண்டும் என்பதுதான். அவ்வளவு ஆசையாக இருந்தது. ஆனால் எதிரில் மலை நின்றது, உச்சியில் சுடரோடு. அதைப் பார்த்துக்கொண்டு பொய்க்குத் துணை போக எனக்கு வரவில்லை. என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. வேறு ஏதாவது படத்தைப் போட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா?

"சார், அனுப்பாதீங்க" என்றேன் மைக்கில். "அவங்க கும்பிட்டாங்க. எனக்குச் சம்மதம் சொல்லல."

சார் விரல் போனுக்கு மேல் அப்படியே நின்றது. முகம் வாடிப்போனது. அப்படியென்றால் என்னங்க செய்வது என்று கேட்டார். கடைசி ஸ்லைடுக்குப் பிறகு என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. எல்லோரும் வழக்கம்போல் மீசைக்காரர் முகத்தைப் பார்த்தார்கள்.

அவர் மெதுவாகக் கையை இறக்கினார். "இந்தப் பொண்ணு சொல்றது நெசம் சார். கும்பிடத்தான் தூக்கினோம்" என்றார்.

என் மனசுக்குள் ஓசூர் பஸ் புறப்பட்டுவிட்டது.

"ஆனா இந்தப் பொண்ணு கேள்வி கேட்டுச்சு. நாங்க கை தூக்கினோம். எதிர்ல தீபம். மலையப் பாத்து தூக்கின கைய, இதுக்குத் தூக்கல அதுக்குத் தூக்கினேன்னு கணக்கு சொல்லி எறக்க எங்களுக்கு வராது. படத்த அனுப்புங்க சார்" என்றார்.

சார் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். மற்ற கடைக்காரர்கள், ஆமாம் ஆமாம், அது எப்படி முடியும் என்று அவரவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிக்கொண்டார்கள். யாருக்கும் அதில் பெரிய சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை. மாட்டிக்கொண்டோம் என்று சிலர் முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் ஒருவரும் பின்வாங்கவில்லை.

மீசைக்காரர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "ஒண்ணும்மா. பைப்பு அடச்சிக்கிச்சின்னா நான் ஓசூருக்கெல்லாம் வர மாட்டேன். அடி அண்ணாமலைக்கு வருவேன். உன் வீட்டு வாசல்ல நிப்பேன். நீ இருக்கணும்" என்றார். இருப்பேன் என்றேன். ஓசூர் கதை அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவும் தோன்றவில்லை. இந்த ஊரில் யாருக்கு எது தெரியாது?

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் வெளியே வராந்தாவுக்கு வந்து கணவருக்குப் போன் போட்டேன். பின்னணியில் மத்தியானப் பால் பீய்ச்சுகிற சத்தம் கேட்டது.

"ஓசூர் இல்லங்க. இங்கயேதான்" என்றேன்.

"ம்" என்றார். பிறகு, "வரும்போது தவிடு வாங்கிட்டு வா" என்றார்.

எனக்குக் கோபம் மூக்கு வரை வந்துவிட்டது. ஒரு மாதமாக நான் தூங்காமல், பல்லியோடும் சொட்டோடும் மல்லுக்கட்டி, மலைக்கு முன்னால் மானம் போய், கடைசியில் தவிடு. நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டிருந்தார், அணைக்காமல். அவர் எப்போதும் அப்படித்தான். பால் சத்தம் நின்றுபோனது. வாளியைத் தள்ளி வைக்கிற சத்தம் கேட்டது. கழுத்து மணி அசைந்தது. பிறகு அவருடைய குரல், நான் கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டிராத குரல்.

"அவ எங்கயும் போகலடி. இங்கதான் இருக்கப் போறா. நான்தான் இன்னா பண்ணுவேனோன்னு பயந்துகினே இருந்தேன், தெரியுமா உனக்கு?"

மாட்டிடம் சொன்னார். அவர் துண்டால் மூக்கைச் சிந்துகிற சத்தம் வந்தது. நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல், மூச்சு விடுகிற சத்தம்கூட அந்தப் பக்கம் கேட்டுவிடாதபடி வாயைப் பொத்திக்கொண்டு, அந்த வராந்தாவிலேயே நின்று அழுதேன்.